ஊசியம்மாவை விட்டுக்கொடுக்காத தெரு

நான் மருமகளாக அடியெடுத்து வைத்த வீட்டில் எனக்கு முன்பே ஒரு மருமகள் இருந்தாள். என் கணவருடைய அண்ணனின் மனைவி. ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முட்டிக்கொள்ள வேண்டும் என்று நாலு பேர் எதிர்பார்ப்பார்கள். நானும் என்னால் ஆன மட்டும் முயன்று பார்த்தேன். சண்டைக்கு ஆள் சிக்கினால்தானே? நான் குரலை உயர்த்தினால் அவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். “படபடன்னு அடிக்குது பாரு, முதல்ல உக்காரு” என்பாள். உட்கார்ந்துகொண்டு எப்படிச் சண்டை போடுவது? போகப் போக அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். இன்றுவரை அக்காதான்.

தெருவில் அவளுக்குப் பெயர் ஊசியம்மா. அவள் தலையைக் கண்டால் பிள்ளைகள் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மார்க்கெட் கட்டடத்தின் பின்பக்கம், மீன் கடைகளின் தண்ணீர் வந்து தேங்கும் இடத்தில், இரண்டு சின்ன அறைகள் உண்டு. சுகாதார நிலையம் என்று பலகை போட்டிருக்கும். அக்காவின் கணவர் கல்யாணமான கொஞ்ச வருஷத்திலேயே லாரி மோதிப் போய்விட்டார். குழந்தை இல்லை. அதற்குப் பிறகு நர்ஸ் படிப்பு படித்துத் தேறி அவள் அங்கே வாங்கிய வேலை இது. தெருவே அவளுக்குப் பிள்ளை மாதிரி என்று யாராவது உருகினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையாவது எப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தத் தெரு உப்பைக் குறை என்றால் தலையாட்டிவிட்டு ஊறுகாயை நக்கும்.

டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் அவள்தான். எடை பார்க்கும் மெஷின் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதற்காகப் பெண்கள் அவளிடம் பேரம் பேசுவார்கள். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. விடியற்காலையிலேயே வந்து செருப்பை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா கதவைத் திறக்கும்போது நோயாளிகள் இருக்க மாட்டார்கள், அவர்களுடைய செருப்புகள் மட்டும் வரிசை கட்டி நிற்கும். எந்தச் செருப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தேய்ந்த பக்கத்தைப் பார்த்தே யாருக்கு எந்தக் காலில் வலி என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெருமையை வீட்டில் வந்து என்னிடம் அளப்பாள். “அப்போ என் செருப்பைப் பாத்து என் மனசு வலியைச் சொல்லு” என்று நான் வாரிவிடுவேன்.

அந்த வரிசையில் தவறாமல் இருந்தது தெருமுனை இஸ்திரிக்காரருடைய ஷூ. ஆமாம், இஸ்திரிக்காரர் ஷூதான் போடுவார். பெரிய மனிதர்களின் சட்டையைத் தேய்க்கிறவன் கால் தெரிய நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அவருக்குச் சர்க்கரை முற்றிப்போய்ப் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. ஒரு நாள் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து ஒரு பித்தான் தெறித்து ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அது தெரியாமல் பொழுதெல்லாம் அதன் மேலேயே நின்றிருக்கிறார். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் காலுறை முழுக்க ரத்தம். பித்தான் பாதத்துக்குள் பதிந்து கிடந்தது. அன்றைக்கு ஆரம்பித்த புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்து அக்கா கழுவிக் கட்டுவாள். அவருக்கு வலிக்காது. பார்க்கிற நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். “தங்கச்சி, பித்தான் இல்லாம சட்டையை அனுப்பிட்டேன்னு அந்த வக்கீல் இன்னும் திட்டிக்கிட்டு இருக்கார்” என்று அவர் சிரிப்பார். அவருடைய கவலை அவருக்கு.

இப்படி இருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ஊரில் எந்தப் பகுதிக்கு என்ன நோய் அதிகம், என்ன வசதி தேவை என்று வீடு வீடாகக் கேட்கப் போகிறார்களாம். தேவை அதிகமாக இருக்கும் பகுதிக்குப் பெரிய நிலையம் வரும். தினமும் டாக்டர், சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்க்கத் தனி ஆள், முடங்கிப்போனவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவர், எல்லாம் வரும். தேவை இல்லாத பகுதியில் இருக்கிற சின்ன நிலையத்தை மூடி அந்தப் பெரியதோடு சேர்த்துவிடுவார்கள்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நமக்கு வராமல் வேறு யாருக்கு வரும் என்றாள். இந்த மீன் தண்ணீர் நாற்றத்திலிருந்து விடுதலை என்றாள். சோற்றைப் பிசைந்தபடியே கட்டில் எங்கே போடலாம், கால் கழுவும் தொட்டி எந்த உயரத்தில் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பாள். இஸ்திரிக்காரர் குனிந்து நிமிராமல் உட்கார ஒரு நாற்காலி வேண்டுமாம். ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி எல்லோரிடமும் கெஞ்சினாள். கேட்க வருகிறவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள், இருக்கிற நோயை இருக்கிறபடி சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் தெருவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கணக்கெடுப்புக்கு ஒரு விதி இருந்தது. அந்தந்தப் பகுதியில் வேலை பார்க்கும் பணியாளர் கணக்கெடுக்க வருகிறவர்களோடு போகக் கூடாது. அவர் கூட இருந்தால் மக்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள் என்று யாரோ நல்லெண்ணத்தில் யோசித்து வைத்த விதி. அந்த நாட்களில் அக்காவைத் தலைமை அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நீல மேல்சட்டை போட்ட இளவட்டங்கள் கையில் டேப்லெட்டோடு தெருவுக்குள் நுழைந்தார்கள். ஊசியம்மா எங்கே என்று கேட்டதற்கு, அவங்க வரக் கூடாது என்று ஒரு பையன் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். தெரு விழித்துக்கொண்டது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் குழாயில் கலங்கல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்க ஆட்கள் வந்தார்கள். தெருவே வாய் வலிக்க உண்மையைச் சொன்னது. அடுத்த மாதம் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் பகுதிக் குழாய்க்காரரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். தங்கமான மனிதர், நடுமழையில் பள்ளத்தில் இறங்கி நிற்பவர். தண்ணீர் அப்படியே கலங்கித்தான் வந்தது. மேலிடத்தில் குறை சொன்னால் அது பக்கத்தில் இருக்கிறவன் தலையில்தான் விடியும் என்று அன்றைக்கே தெரு பாடம் படித்துவிட்டது.

அதனால் இஸ்திரிக்கடை முன்னால் ஒரு கூட்டம் நடந்தது. ஊசியம்மாவை ஒதுக்கி வைத்துவிட்டு விசாரிக்கிறார்கள் என்றால் அவள் வேலைக்கு உலை வைக்கிறார்கள் என்று அர்த்தம். தெருவில் இத்தனை நோய் என்று சொன்னால், இத்தனை வருஷமாக இவள் என்ன செய்தாள் என்று கேட்க மாட்டார்களா? மறைக்காதீர்கள் என்று அவளே சொன்னாளே என்று யாரோ இழுத்தபோது, பாவம், அவள் வாயால் வேறு எப்படிச் சொல்ல முடியும் என்று இஸ்திரிக்காரர் அடக்கிவிட்டாராம். “நம்ம ஊசியம்மாவை விட்டுக்கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்” என்று அவர் முடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லக் கூடாது, சொன்னால் அவள் தடுத்துவிடுவாள் என்பதும் அவர்கள் தீர்மானம்.

மளிகைக்கடைக்காரர் பிரஷர் மாத்திரையைக் கல்லாப்பெட்டியின் அடியில் தள்ளிவிட்டு, எனக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை என்றார். படி ஏறினால் மூச்சு முட்டும் தையல்கார அம்மா, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடியே பதில் சொல்லி அனுப்பினாள். பக்கவாதத்தில் படுத்திருந்த கணவனைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றாள் இன்னொருத்தி. இஸ்திரிக்காரர் மேசைக்குப் பின்னால் ஷூவை இறுக்கக் கட்டிக்கொண்டு நின்று, என் வயசில் யாராவது இப்படி நின்று வேலை செய்து பார்த்திருக்கிறீர்களா என்று அந்தப் பிள்ளைகளையே கேட்டாராம்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான்தான் இருந்தேன். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் விடுவேனா? மாமியாரின் முழங்கால், என் கணவரின் இடுப்பு, என் ஒற்றைத் தலைவலி, அது வருகிற விதம், வந்தால் கண்ணுக்கு முன்னால் பறக்கிற பூச்சி, ஒன்று விடாமல் கொட்டினேன். அந்தப் பெண் பாவம், விரல் வலிக்க டேப்லெட்டைத் தட்டினாள். சாயங்காலம் அக்காவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எல்லா வீட்டிலும் உன்னை மாதிரி ஒரு வாயாடி இருந்தால் போதும், நமக்கு ஆஸ்பத்திரியே வந்துவிடும் என்று அவளும் சிரித்தாள். அவள் வயிறு வலிக்கச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கணக்கு முடிந்து அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். அன்று அக்கா வீட்டுக்கு வந்து, கை கால் கழுவாமல், நேராக அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவாமல் ஒரு தம்ளரைக்கூடத் தொடாதவள் அவள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

நான் கேட்கக் கேட்கத் துண்டு துண்டாகச் சொன்னாள். ஊர்ப் படத்தைச் சுவரில் காட்டியிருக்கிறார்கள். நோய் அதிகமான இடமெல்லாம் சிவப்பு. எங்கள் பகுதி பச்சைப் பசேல் என்று இருந்திருக்கிறது. எல்லோரும் கை தட்டினார்களாம். கூட்டம் முடிந்ததும் திட்ட அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். சின்ன வயசுப் பெண்மணி, மரியாதையாகத்தான் பேசினாராம். மாதா மாதம் நீங்கள் அனுப்புகிற அறிக்கையில் தெரு முழுக்கச் சர்க்கரை, பிரஷர், புண் என்று இருக்கிறது, அதற்கு மாத்திரையும் மருந்தும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள், ஆனால் வீட்டில் போய்க் கேட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை என்கிறார்களே, அது எப்படி என்று கேட்டிருக்கிறார். அதோடு விட்டாரா? அந்தத் தெருவிலேயே நோய் இருக்கிறது என்று சொன்னது ஒரே ஒரு வீடு. அது உங்கள் வீடு என்றும் சொல்லியிருக்கிறார்.

உண்மையைச் சொன்ன ஒரே வாய் என் வாய். அதுவே அவள் கழுத்தைச் சுற்றிவிட்டது.

“அவங்க எனக்காகத்தான் அப்படிச் சொல்லியிருப்பாங்கன்னேன்,” என்றாள் அக்கா. “அதுக்கு அந்தம்மா, ஒரு தெருவே உங்களுக்காக ஏன் பொய் சொல்லணும்னு கேட்டாங்க. எப்படிச் சொல்றது? என் மேல பிரியம்னா? என் வாயால நான் எப்படிச் சொல்லுவேன்?”

நான் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினேன். மளிகைக்கடைக்காரரை அவர் கடையில் வைத்தே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். தையல்கார அம்மாவைக் கேட்டேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கே மேலே திட்ட வாய் வரவில்லை. மளிகைக்கடைக்காரர் கல்லாவைப் பூட்டக்கூட மறந்து அப்படியே நின்றார். மறுநாளே தெரு திரண்டு அலுவலகத்துக்குப் போனது. மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பக்கவாதக்காரரை ஆட்டோவில் தூக்கி வைத்துக் கொண்டுவந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் நான்தான் நின்றேன்.

அதிகாரி எல்லோரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டார். கடைசியில் அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. “போன மாசம் நாங்க தனித்தனியா கேட்டப்போ நல்லா இருக்கோம்னு சொன்னீங்க. இன்னைக்கு அவங்க வீட்டு ஆளு கூட்டிக்கிட்டு வந்ததும் எல்லாருக்கும் நோய்னு சொல்றீங்க. நான் எதை நம்பறது?” அந்த அம்மாள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். ஆனால் அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தால் அந்த ஆத்திரமும் பாதியில் நின்றுவிடுகிறது. மறுபடி கணக்கெடுக்க எழுதிப் போடுகிறேன், ஆனால் பெரிய நிலையத்துக்கு இடம் முடிவாகிவிட்டது என்றார் அவர். ஊரின் அந்தக் கோடியில் அது வந்தது. அங்கேயும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் உண்மையைச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் நிலையத்தை மூடினார்கள். ஃபிரிட்ஜையும் எடை மெஷினையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் சில நாள் செருப்புகள் வரிசையாகவே கிடந்தன. இல்லாத நோய்க்கு மருந்து வாங்கினாள் என்று அக்கா மேல் விசாரணை வைத்து, அது முடியும்வரை அவளைத் தலைமை அலுவலகக் கிடங்கில் போட்டார்கள். பஞ்சுக் கட்டுகளை எண்ணி அடுக்கும் வேலை. நோயாளிகளைத் தொடக் கூடாது என்று உத்தரவு. அவள் வீட்டில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இரவில் மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது மட்டும் ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டே இருப்பாள். போதும் என்று மாமியார் சொன்னால்கூட நிறுத்த மாட்டாள். அதைப் பார்த்துவிட்டு நான் மொட்டைமாடிக்குப் போய் அழுதிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாள். இஸ்திரிக்காரருக்கு இது தெரியக் கூடாது. அலுவலகத்துக்குத் தெரு திரண்டு போன அன்று அவர் காய்ச்சலில் படுத்திருந்தார், அதனால் அவருக்கு விஷயம் எட்டவில்லை. பெரிய நிலையம் அந்தக் கோடியில் வந்துவிட்டது, எனக்கும் அலுவலகத்துக்கே மாற்றல் என்று அக்கா அவரிடம் சொல்லிவைத்தாள். பதவி உயர்வா தங்கச்சி என்று அவர் கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அவர் கடைக்கு வந்த எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

கட்டுப் போட அந்தக் கோடிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். போனால் அன்றைய வேலை போச்சு. முதலில் ஒழுங்காகப் போனார். பிறகு வாரம் ஒரு முறை என்று ஆனது. அப்புறம் அவர் மனைவியே பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். அக்கா உத்தரவை மீறி, கிடங்கிலிருந்து வந்து, சில நாள் அவர் வீட்டிலேயே கட்டுப் போட்டாள். அதை யாரோ பார்த்து எழுதிப் போட்டதில் அவள் மேல் இன்னொரு விசாரணை வந்து சேர்ந்தது. புண் காத்திருக்குமா? அவருக்குத்தான் வலிக்காதே. கால் கறுத்துப்போய் வாடை வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்வையாளர் நேரத்தில் நானும் அக்காவும் போனோம். நீளமான வார்டு, கடைசிக் கட்டில். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கட்டிலுக்கு அடியில் ஷூ ஜோடியாக இருந்தது. அவர் மனைவிதான் கொண்டுவந்திருக்கிறாள், இன்னொன்று எதற்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. வழி முழுக்க நான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன். இந்த மனிதரிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், உங்கள் பிரியம்தான் இவளைப் பஞ்சு எண்ண வைத்தது, உங்கள் காலையும் தின்றது என்று சொல்லிவிட வேண்டும். அக்காவுக்காக ஒரு ஆளாவது அழ வேண்டாமா?

அவர் அக்காவைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. அவள் பழக்கத்தில் காலைத் தூக்கப் போவது போலக் கையை நீட்டினாள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“இதை விடுங்க தங்கச்சி. ஒத்தைக் கால்ல நின்னும் சட்டை தேய்க்கலாம்,” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அன்னைக்கு அந்தப் புள்ளைங்க வந்து கேட்டாங்களே, அதனால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா பக்கவாட்டில் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிற பிடி அல்ல அது, வலித்தது.

“ஒண்ணும் ஆகலண்ணே. நான் நல்லா இருக்கேன்,” என்றாள்.

“நாங்க விட்டுக்கொடுப்போமா?” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவர் தூங்கும்வரை அவள் என் கையை விடவில்லை.